அதே நம்பர் சிப்தானே என்று கையெழுத்துப் போடாதீர்கள்

போன வாரம் ஸ்டேடியத்தில் காலை நடை முடிந்து, வழக்கம்போல எதிர்க் கடையில் சுக்குக் காப்பிக்கு உட்கார்ந்தோம். எங்கள் நடைக் கூட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தியை உரக்க வாசித்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் வண்டியின் கம்ப்யூட்டரைவிட நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் பல மடங்கு வேகமாம். அந்தப் பழைய சிப் ஒன்றுக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்திருக்கிறார்களாம். கடைசி வரி: "மக்கள் பணத்தை வீணாக்கும் விஞ்ஞானிகள்!" கூடவே நான்கு சிரிக்கும் பொம்மைகள்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் விண்கலங்களுக்குப் போகும் மின்னணுப் பாகங்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலையே இரண்டாவது அடி விழுந்தது. லீவுக்கு வந்திருந்த என் தங்கையின் பேரன், சிறிய செயற்கைக்கோள் செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறான். செய்தியைக் காட்டினேன். "இதுல என்ன தப்பு பாட்டா? உங்க காலத்துல ஒவ்வொரு சிப்பையும் மாசக்கணக்குல டெஸ்ட் பண்ணி காலத்தைக் கடத்துனீங்க. நாங்க கடையில கிடைக்கதை வாங்கி மூணு போடுவோம். ரெண்டு சொல்லுகதைக் கேப்போம். போனா போகட்டும், அடுத்ததை விடுவோம்" என்றான்.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வாயில் அதை யார் போட்டார்களோ அவர்கள் மேல்தான் கோபம். இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தச் செய்தியில் உள்ள தகவல்கள் பெரும்பாலும் சரி. பெர்சிவரன்ஸ் வண்டி 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கியது. அதன் மூளை ஆர்ஏடி-750 என்ற சிப். அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ் வேகம். 1998-இல் வந்த ஆப்பிள் ஐமாக் கணினியில் இருந்த பவர்பிசி-750 குடும்பத்தைச் சேர்ந்தது. விலையும் லட்சம் டாலர்களில்தான். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து "விஞ்ஞானிகளுக்குப் புத்தி இல்லை" என்ற முடிவுக்குப் போனதுதான் பொய்.

அங்கே மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1-ஐ ஏவியது. பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலன் அதில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவி ஒன்றை வைத்திருந்தார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே போனதும் அந்தக் கருவி பூஜ்யம் காட்டியது. கருவி கெட்டுவிட்டதா? கதிர்வீச்சே இல்லையா? பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கதிர்வீச்சு அளவுக்கு மீறி இருந்ததால் கருவி எண்ண முடியாமல் திணறி ஊமையாகிவிட்டது. அப்படிக் கண்டுபிடித்ததுதான் பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் வளையங்கள். பூமியின் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இவை போக, சூரியன் சீறும்போது வரும் துகள்கள். இன்னும் தொலைவில், நட்சத்திரங்கள் வெடித்த இடங்களிலிருந்து வரும் கனமான துகள்கள்.

இவை ஒரு சிப்பை மூன்று விதமாகக் கெடுக்கும். வாட்ஸ்அப் செய்திக்கும் என் பேரனுக்கும் பதில் இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது, சுவரில் ஓதம் ஏறுவது போன்றது. சிப்புக்குள் கண்ணாடி மாதிரியான மெல்லிய காப்புப் படலம் உண்டு. கதிர்வீச்சு படப்பட அந்தப் படலத்தில் மின்னூட்டம் சிக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டே வரும். ஒரே நாளில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் டிரான்சிஸ்டரின் குணம் மாறும். மூட வேண்டியது முழுதாக மூடாது, கசியும். கடைசியில் நிற்கும். இதை நாங்கள் மொத்த அளவு என்போம், ரேட் என்ற அலகில் அளப்போம். மனித உடல் முழுவதும் ஒரே தடவையில் சுமார் 400 ரேட் பட்டால், சிகிச்சை இல்லாத பட்சத்தில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். பூமியை ஒட்டித் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளின் பாகங்களே சில வருடத்தில் ஆயிரக்கணக்கான ரேட் வாங்க வேண்டியிருக்கும். வியாழன் பக்கம் போனால் லட்சக் கணக்கு. அதனால்தான் 2011-இல் வியாழனுக்குப் புறப்பட்ட ஜூனோ விண்கலத்தின் மின்னணுப் பெட்டிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் டைட்டானியம் சுவர் வைத்தார்கள்.

இரண்டாவது, கணக்குப் புத்தகத்தில் ஒரு எழுத்து தானாக மாறுவது. ஒரே ஒரு துகள் சிப்பை ஊடுருவிப் போகும்போது நினைவகத்தில் பூஜ்யமாக இருந்தது ஒன்றாகிவிடும். சிப் நன்றாகத்தான் இருக்கும், கணக்குத்தான் தப்பு. இதை முதலில் மேலே கண்டார்கள். 1975-இல் செயற்கைக்கோள்களில் நடந்த சில விநோதங்களுக்கு இதுதான் காரணம் என்று எழுதினார்கள். மூன்று வருடம் கழித்துத் தரையிலேயே கண்டார்கள். இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, வுட்ஸ் இருவரும், சிப்பை மூடும் பீங்கான் உறையில் துளியூண்டு கலந்திருந்த யுரேனியம், தோரியத்திலிருந்து வந்த ஆல்ஃபா துகள்களே நினைவகத்தைக் குழப்புகின்றன என்று கண்டுபிடித்தார்கள். மணவாளக்குறிச்சி மணலில் என்ன இருக்கிறது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே தோரியம்தான்.

மூன்றாவதுக்கு லாட்ச்-அப் என்று பெயர். ஒரு துகள் பட்டதும் சிப்புக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் போல ஒரு வழி திறந்துகொள்ளும். மின்சாரம் மடை உடைந்த மாதிரி பாயும். உடனே கரண்டை நிறுத்தினால் பெரும்பாலும் பிழைக்கும். கவனிக்காமல் விட்டால் கருகிப் போகும். மின்சாரத்தைக் கையாளும் பவர் டிரான்சிஸ்டர்களில் சில, நிறுத்த நேரமே தராமல் ஒரே அடியில் எரிந்துவிடும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்பவர்கள் டெல்ஸ்டாரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1962 ஜூலை 10 அன்று ஏவப்பட்டது. அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை நேரடியாக அனுப்பிய முதல் செயற்கைக்கோள். அது கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்க ராணுவம் பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அந்த வெடிப்பு கொட்டிய எலக்ட்ரான்கள் வளையங்களில் சிக்கிக்கொண்டன. டெல்ஸ்டார் தினமும் அதற்குள் போய்ப் போய் வந்தது. நவம்பரில் கட்டளைகளை ஏற்க மறுத்தது. பெல் ஆய்வகத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே வகை டிரான்சிஸ்டர்களைத் தரையில் கதிர்வீச்சில் வைத்துப் பார்த்து, எது எப்படிக் கெடுகிறது என்று புரிந்துகொண்டு, கெட்ட இடத்தை ஏமாற்றும் விதமாகக் கட்டளைகளை மாற்றி அனுப்பினார்கள். 1963 ஜனவரியில் டெல்ஸ்டார் மறுபடி கண் விழித்தது. பிப்ரவரி 21-இல் நிரந்தரமாகப் போய்விட்டது. போனாலும் அவர்கள் விட்டுச்சென்ற பாடம் நிற்கிறது. சோதித்துப் பார்த்தவனுக்குத்தான் மேலே இருப்பதைக் காப்பாற்ற வழி தெரியும்.

இப்போது "மூணு போட்டாப் போதும்" என்ற வாதத்துக்கு வருகிறேன்.

அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று கம்ப்யூட்டர், இருவர் சொல்வதை ஏற்பது என்ற பஞ்சாயத்து முறை நல்ல முறை. நாங்களும் செய்தோம். 2012 அக்டோபரில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் டிராகன் சரக்குக் கலம் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, அதன் மூன்று கம்ப்யூட்டரில் ஒன்று கதிர்வீச்சு பட்டதாகச் சந்தேகிக்கும்படி மற்ற இரண்டோடும் ஒத்துப் போகாமல் தடுமாறியது. மிச்சம் இரண்டை வைத்துப் பயணத்தை ஒழுங்காக முடித்தார்கள். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் பஞ்சாயத்து எந்த நோய்க்கு மருந்து? நான் சொன்ன மூன்றில் இரண்டாவதற்கு மட்டும்தான். ஒரு எழுத்து மாறினால் மற்ற இரண்டு பேர் திருத்துவார்கள். ஓதத்துக்கு அது என்ன செய்யும்? ஒரே மழையில் ஒரே மண்ணில் ஒரே கொத்தனார் கட்டிய மூன்று சுவரும் ஏறக்குறைய ஒரே மாதத்தில்தான் நனைந்து இற்றுப்போகும். மூன்றும் ஒரே தவறான பதிலைச் சொன்னால் பஞ்சாயத்து அதைத்தான் தீர்ப்பாக எழுதும். லாட்ச்-அப் வந்து ஒன்று கருகும்போது, பொதுவான மின்சார வழியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனால் மற்ற இரண்டும் இருந்து என்ன பயன்?

2011 நவம்பரில் ரஷ்யா செவ்வாயின் துணைக்கோளுக்கு அனுப்பிய ஃபோபோஸ்-கிரண்ட் பூமியின் சுற்றுப்பாதையை விட்டே நகரவில்லை. 2012 ஜனவரியில் பசிபிக் கடலில் விழுந்தது. சீனாவின் சிறிய கலம் ஒன்றும் கூடவே போயிற்று. ரஷ்ய விசாரணைக் குழு சொன்ன காரணம்: கம்ப்யூட்டரின் இரண்டு பிரிவுகளும் ஒரே நேரத்தில் மறுதொடக்கம் ஆகிவிட்டன, துகள் தாக்குதல்தான் பெரும்பாலும் காரணம், விண்வெளிக்கென்று தகுதி பெறாத சிப்புகள் உள்ளே இருந்தன. அந்த முடிவைச் சந்தேகித்தவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிப்புகளை முன்கூட்டியே முறையாகச் சோதித்திருந்தால் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது. இரண்டு இருந்தும் இரண்டும் சேர்ந்து போனது என்பதைப் பேரன் நினைவில் வைக்க வேண்டும்.

"அப்படியானால் செவ்வாயில் பறந்த ஹெலிகாப்டர்? அதில் செல்போன் சிப்தானே?" இதுவும் வந்தது. ஆமாம், இன்ஜெனுயிட்டியில் இருந்தது ஸ்னாப்டிராகன்-801 என்ற செல்போன் சிப்தான். 2021 ஏப்ரல் 19 முதல் 2024 ஜனவரி வரை, 5 தடவை பறக்கத் திட்டமிட்ட இடத்தில் 72 தடவை பறந்தது. எனக்கே அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பாதிக் கதையைச் சொல்லக் கூடாது. பறப்பதைக் கட்டுப்படுத்தியது செல்போன் சிப் மட்டும் இல்லை. கார்களின் பாதுகாப்புக்கென்று செய்த இரண்டு கட்டுப்பாட்டுச் சிப்புகள் ஒன்றையொன்று ஒத்து ஓடின. அவற்றுக்கு மேலே, கதிர்வீச்சைத் தாங்கும் வகையிலான இன்னொரு சிப் காவலுக்கு உட்கார்ந்து, ஒன்று தடுமாறினால் மற்றதுக்கு மாற்றிவிடும். வேகமான பையனைக் காரோட்ட விட்டுப் பக்கத்தில் கை பிரேக்கைப் பிடித்தபடி பெரியவர் ஒருவர் இருந்த மாதிரி. அதோடு, அது தொலைந்தாலும் முக்கியப் பயணத்துக்கு நஷ்டமில்லை என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு அனுப்பிய பரீட்சை. தன் மேல் இருந்த பெரிய வண்டிக்கு யாரும் செல்போன் சிப்பை மூளையாக வைக்கவில்லை.

"போனா போகட்டும்" என்பதும் சில இடத்தில் நியாயம்தான். தாழ்வான சுற்றுப்பாதையில் நூறு சிறிய கலங்கள் விட்டு, இரண்டு வருடம் ஓடினால் போதும் என்றால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அந்தப் பேச்சு ஒருமுறை பழகிவிட்டால் எல்லை தெரியாது.

2025 நவம்பர் கடைசியில் நம்மில் பலருடைய பிள்ளைகள் விமான நிலையத்தில் காத்துக் கிடந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தைய மாதம் 30-ஆம் தேதி, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜெட்புளூ ஏ-320 விமானம் நடுவானில் திடீரென்று தானாக மூக்கைக் கவிழ்த்தது. சிலருக்குக் காயம். சூரியக் கதிர்வீச்சு கடுமையாக இருக்கும்போது விமானத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் தரவு கெட்டுப்போக வாய்ப்புண்டு என்று ஏர்பஸ் நிறுவனமே அறிவித்து, உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்களைச் சரிசெய்யச் சொன்னது. நம் இண்டிகோ, ஏர் இந்தியா விமானங்களும் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? முந்தைய பதிப்பு மென்பொருளையே திரும்ப ஏற்றினார்கள். புதிது என்றால் பலமானது என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைக்கலாம். விமானம் பறக்கும் உயரத்தில் நியூட்ரான்கள் தரையைவிட நூறு மடங்குக்கும் மேல். உள்ளே உட்கார்ந்திருப்பது நம் பேத்தி. அங்கே போய் "போனா போகட்டும்" என்று சொல்ல முடியுமா?

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்று கேட்டால், இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

எந்த அலுவலகம், எந்த வருடம், எந்தக் கலம் என்று எழுதப் போவதில்லை. கூட இருந்தவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு கருவியின் மின்சாரப் பகுதிக்கு ஒரு சிறிய சிப் வேண்டியிருந்தது. விலை அதிகமில்லாத சாதாரண பாகம், மின்னழுத்தத்தை ஒப்பிட்டுச் சொல்வது அதன் வேலை. சில வருடம் முன்னால் அதே கம்பெனியின் அதே நம்பர் சிப்பை நானே கோபால்ட்-60 கதிர்வீச்சில் வைத்துச் சோதித்திருந்தேன். அருமையாகத் தாங்கியது. இப்போது வந்திருந்தது புதிய லாட். விதிப்படி ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். எட்டு வாரம் ஆகும். ஏவும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

என் மேலதிகாரி மோசமானவர் இல்லை. மேலே இருந்து அவரை நெருக்கினார்கள், அவர் என்னைக் கூப்பிட்டார். "அதே கம்பெனி, அதே நம்பர். போன தடவை நீங்கதானே பாஸ் போட்டீங்க? ஒரு விலக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். மறுத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். வேலை போயிருக்காது. கொஞ்சம் முகச்சுளிப்பு, அவ்வளவுதான். "முந்தைய சோதனையின் அடிப்படையில் இந்த லாட்டுக்குச் சோதனை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராவது மாதம் கருவியின் மின்னழுத்த அளவு மெல்ல நகர ஆரம்பித்தது. தரையிலிருந்து திருத்திப் பார்த்தோம். பதினாலாவது மாதம் மின்சாரப் பகுதி தன்னைத் தானே அணைத்துக்கொண்டது, அதற்குப் பிறகு திறக்கவேயில்லை. ஐந்து வருடம் ஓட வேண்டிய கருவி. அலமாரியில் மிச்சம் கிடந்த அதே லாட் சிப்புகளைக் கொண்டுபோய்ச் சோதித்தேன். முந்தைய லாட் தாங்கியதில் நாலில் ஒரு பங்கிலேயே கெட்டன. கம்பெனி இடையில் உற்பத்தியை வேறு தொழிற்சாலைக்கு மாற்றியிருந்தது. நம்பர் அதே, பெயர் அதே, விவரத்தாள் அதே. உள்ளே காப்புப் படலத்தைச் செய்த விதம் மட்டும் வேறு.

யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. "விண்வெளியில் இதெல்லாம் சகஜம்" என்று அறிக்கை முடிந்தது. அந்தக் கருவியின் தரவை நம்பி ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை தலைப்பை மாற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒருநாள் கேன்டீனில் என்னைப் பார்த்து, "சார், அது ஏன் நின்னு போச்சு?" என்று கேட்டாள். "கதிர்வீச்சும்மா" என்று சொன்னேன். அது பாதிப் பொய். கதிர்வீச்சு அதன் வேலையைத்தான் செய்தது. என் வேலையை நான் செய்யவில்லை.

இது ஏதோ நம் நாட்டுச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதம், சுமார் 500 கோடி டாலர் செலவில் நாசா கட்டிய யூரோப்பா கிளிப்பர் கிளம்ப ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு சேதி வந்தது. அதில் வைத்திருந்த அதே மாதிரி டிரான்சிஸ்டர்கள் வேறு இடத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த கதிர்வீச்சிலேயே கெடுகின்றன என்று. பாகங்கள் ஏற்கெனவே கலத்துக்குள், மூடிய பெட்டிக்குள். போகிற இடமோ வியாழன்.

அவர்கள் என்னைப் போல விலக்குக் கடிதம் எழுதவில்லை. மாதக்கணக்கில் இரவும் பகலும் சோதித்தார்கள். கலத்தின் ஒவ்வொரு 21 நாள் சுற்றிலும் கடுமையான கதிர்வீச்சில் இருப்பது சுமார் ஒரு நாள்தான். மிச்ச நாட்களில் டிரான்சிஸ்டரைச் சற்றுச் சூடாக வைத்தால் சிக்கிய மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அது தேறிக்கொள்ளும் என்று கண்டார்கள். அதோடு நிற்காமல், அதே வகை டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு சிறிய பெட்டி செய்து கலத்தில் சேர்த்தார்கள். மேலே போனபின் அவை எப்படி இருக்கின்றன என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். 2024 அக்டோபர் 14-இல் கிளம்பியது. 2030-இல் போய்ச் சேர வேண்டும். நான் இருந்தால் பார்ப்பேன்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சோதனையையே அவசரமாகச் செய்தாலும் ஏமாறுவோம். 1990-களின் தொடக்கத்தில் ஒரு விஷயம் வெளியே வந்தது. சில வகைச் சிப்புகளுக்கு அதே மொத்தக் கதிர்வீச்சை வேகமாகக் கொடுத்தால் தாங்குகின்றன, மெதுவாகக் கொடுத்தால் கெடுகின்றன. விண்வெளி கொடுப்பது மெதுவாகத்தான். ஆக, ஒரு மணி நேரத்தில் சோதித்துப் பாஸ் போட்ட பாகம் மேலே போய்ச் செத்துவிடலாம். "மாசக்கணக்குல டெஸ்ட் பண்ணி காலத்தைக் கடத்துனீங்க" என்று பேரன் சொன்னானே, அந்த மாதங்கள் எதற்கு என்று இப்போது தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. மொஹாலியில் உள்ள நம் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் செய்த விக்ரம்-3201 சிப்பைப் பற்றி 2025-இல் எல்லாக் குழுவிலும் பெருமையாகச் செய்தி வந்தது. எனக்கும் பெருமைதான். 1989-இல் அந்த ஆய்வகம் தீயில் எரிந்ததைக் கேள்விப்பட்டு வருந்திய தலைமுறை நாங்கள். ஆனால் அது ராக்கெட்டுக்கென்று செய்த சிப். ராக்கெட்டின் வேலை நிமிடக் கணக்கு, செயற்கைக்கோளின் வேலை வருடக் கணக்கு. ஒன்றில் வென்றது மற்றதிலும் தானாக வெல்லும் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் ஒருவகை விலக்குக் கடிதம்தான். நாட்டுப் பற்றின் பெயரில் எழுதியது, அவ்வளவே.

நான் கேட்பது அதிகம் இல்லை. கடைச் சிப்பைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கும் லாட்டிலிருந்து சிலதை எடுத்துக் கதிர்வீச்சில் வைத்துப் பாருங்கள். எவ்வளவில் கெட்டது என்று எழுதி வையுங்கள். கெட்டதைக் கம்பெனிக்குள் பூட்டாமல் அடுத்தவனும் பார்க்கும்படி வெளியிடுங்கள். தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் பாகத்துக்குப் பாஸ் போட வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒருவர் கீழ் மற்றவரும் இருக்கக் கூடாது. எங்களிடத்தில் அப்படி இருந்திருந்தால் அன்று நான் "முடியாது" என்று சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பேரன் ஊருக்குக் கிளம்பும் முன் இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கையெழுத்துக் கதையையும் சொன்னேன். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எங்க கலத்துல போடுக சிப்போட லாட் நம்பர் எனக்கே தெரியாது பாட்டா" என்றான். "போய்க் கேளு மக்ளே. யாருக்கும் தெரியாதுன்னா அதைப் பேப்பர்ல எழுதிக் கேளு" என்றேன். சரி என்று தலையாட்டினான். கேட்டானா என்று தெரியவில்லை, இன்னும் போன் வரவில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று இரண்டு பேரிடமிருந்து எனக்கே வந்தது. உங்களுக்கு வந்தால் அனுப்பியவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: உன் செல்போனை எந்தக் கதிர்வீச்சில் வைத்து, எத்தனை நாள், யார் சோதித்தார்கள் என்று.